இருபது நிமிடத் தாமதம்: மாவட்டத் தாய் இறப்புத் தணிக்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத் தாய் இறப்புத் தணிக்கைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் நீங்கள் கூடிய அறையின் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், ஆட்சியர் அலுவலகத்துக்குத் தனியாக வர அஞ்சி, என்னைத் துணைக்கு அழைத்திருந்தார். அன்றைய பட்டியலில் அவருடைய மனைவியின் இறப்பு மூன்றாவது. அறிக்கை வாசிக்கப்பட்டது, இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன, "முதல் தாமதம்: குடும்பத்தினர் மருத்துவ உதவியை நாடக் காலம் தாழ்த்தினர்" என்ற முடிவு பதிவாயிற்று, நான்காவது இறப்புக்கான கோப்பைத் திறந்துவிட்டீர்கள். எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடங்கள். படியிறங்கும்போது அவர் என்னிடம், "காலம் தாழ்த்துனது நான்தான்னு எழுதிட்டாங்களா நர்சம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த பத்தாம் நாள், மலை மேலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பேறுகாலக் காத்திருப்பு அறையை, "பயன்பாடு மிகக் குறைவு" என்ற காரணத்தால் மூடிவிட்டு, அதை இருப்பு அறையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை வந்தது. இந்த இரண்டும் வெவ்வேறு மேசைகளில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். மலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவை ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகளாகத்தான் தெரிகின்றன: நேரத்தோடு வரவில்லை என்று அந்தப் பெண்ணின் குடும்பத்தைக் குறை சொல்கிறீர்கள், நேரத்தோடு வந்து தங்குவதற்கென்று இருந்த ஒரே இடத்தையும் பூட்டுகிறீர்கள். இதைப் பேசாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அதில் 22 ஆண்டுகள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில், மலையாளிப் பழங்குடி மக்களிடையே கழிந்தன. ஓய்வுக்குப் பிறகும் தார்ச்சாலை முடியும் ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டேன். மலையின் பெயரையோ ஊரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரை எழுத வேண்டாமென்று அவருடைய கணவர் கேட்டுக்கொண்டார்; மேலும், இப்போது அங்கே வேலை செய்யும் இளம் செவிலியர்களுக்கு என்னால் ஒரு விளக்கக் குறிப்பாணை வந்துவிடக் கூடாது. கோப்பு உங்களிடம் இருக்கிறது. எந்த இறப்பைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கோப்பில் இல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம், நான்கு நாள் மழை. அவருக்கு அது இரண்டாவது பேறு. ஏழாம் மாதத்தில் இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் 8.2 இருந்தது, இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்ற நான்கு முறை வரச் சொன்னார்கள், இரண்டு முறை வந்தார், மூன்றாவது முறை ஓடையில் வெள்ளம். வலி இரவு 11 மணிக்குத் தொடங்கியது. அவர்கள் ஊரில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். கணவர் மழையில் அந்தப் பாறைக்கு ஓடி, 11.20-க்கு 108-க்குப் பேசிவிட்டார். அடுத்து எனக்குப் பேசினார். நேரத்தை என் கைப்பேசியிலிருந்து எடுத்துத்தான் எழுதுகிறேன். அழைப்புப் பட்டியல் இன்னும் அழியாமல் இருக்கிறது, வேண்டுமென்றால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

ஆம்புலன்ஸ் ஒரு மணிக்குத் தார்ச்சாலையின் முடிவுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் 3 கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் அதில் டிராக்டர்கூட ஏறாது. ஊரில் ஆறு ஆண்கள் சேர்ந்து, இரண்டு மூங்கில்களில் கம்பளியைக் கட்டி, டோலியில் அவரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். வடியட்டும் என்று கரையில் காத்திருந்தார்கள். நான் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக்கொண்டு டார்ச்சுடன் மேலே ஏறிப் போய்ச் சேர்ந்தபோது ஓடை இறங்கியிருந்தது, அவர்களும் இக்கரைக்கு வந்திருந்தார்கள். ஆனால் தலை தெரிந்துவிட்டது. உரச்சாக்குகளைத் தைத்துச் செய்த ஒரு படுதாவை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துக்கொள்ள, அதன் கீழே 2.10-க்குப் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி பத்து நிமிடத்தில் முழுதாக வந்தது. கருப்பை மட்டும் இறுகவில்லை. அடிவயிற்றில் கை வைத்தால் கல் போல் உருண்டு நிற்க வேண்டியது, பிசைந்த மாவு போல் தொளதொளத்துக் கிடந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன், தேய்க்கும்போது இறுகும், கையை எடுத்தால் மறுபடி தளரும். குழந்தையை மார்பில் போட்டோம். ஓய்வு பெற்றவளிடம் ஊசியோ மாத்திரையோ இருக்காது. மாமியாரின் சேலை நனைந்து, இன்னொருவருடைய வேட்டியும் நனைந்த பிறகு, எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிடுவதை விட்டுவிட்டேன்.

சாலைக்கு வந்தபோது 2.50. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 3.20. அங்கே இருந்த பெண் ஒரே ஒரு பணிச் செவிலியர், ஒப்பந்தப் பணி, வயது இருபத்தைந்து இருக்கும். கை நடுங்கினாலும் செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தாள்: சலைன், கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் மருந்து, நாக்கின் அடியில் மாத்திரை. அதிர்ச்சி நிலையில் காலையும் வயிற்றையும் இறுக்கிக் கட்டும் உடை அலமாரியில் இல்லை. பழுதாகிக் கீழே அனுப்பியது திரும்பவில்லை. 3.45-க்குப் புறப்பட்டோம். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வட்ட மருத்துவமனைக்கு 5.05. அங்கே இரத்த சேமிப்பு அறை உண்டு, வெளியே பெயர்ப் பலகையும் உண்டு. ஆய்வக நுட்பர் காலை எட்டு மணிக்கு வருவார். ஆகவே ஒரு ரெஃபர் சீட்டு. 5.30-க்கு மறுபடி பயணம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 7.10. 7.40-க்கு அவர் இறந்தார். அந்த அரை மணி நேரத்தில் அங்கே இருந்த மருத்துவர்கள் கை ஓயாமல் பாடுபட்டார்கள் என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

வலி தொடங்கியதிலிருந்து இறப்பு வரை 520 நிமிடங்கள். அதில் உதவியை நாடுவது என்று குடும்பம் முடிவெடுத்து, பாறையேறி, தொலைபேசியில் பேசி முடிக்க ஆனது 20 நிமிடம். வழியில் கழிந்தது 420 நிமிடம், அதாவது முழுதாக ஏழு மணி நேரம். மூன்று மருத்துவ நிலையங்களுக்குள் சேர்ந்து கழிந்தது 80 நிமிடம். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு "குடும்பத்தினர் காலம் தாழ்த்தினர்" என்று எழுத முடியுமா என்று உங்களைக் கேட்கிறேன்.

மூன்று தாமதங்கள் என்ற சட்டகம் எனக்குப் புதிது அன்று. பயிற்சி வகுப்பில் படித்தேன், பிறகு பல ஆண்டுகள் அந்தப் படிவத்தை என் கையாலேயே நிரப்பினேன். 1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வகுத்தார்கள்: உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவ நிலையத்தை அடைவதில் தாமதம், அடைந்த பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். பாதை கெட்டிருப்பதும், மருத்துவமனையில் இரத்தம் கிடைக்காது என்று தெரிந்திருப்பதும் ஒருவர் முடிவெடுப்பதையே பாதிக்கும். நம் கைக்கு வந்து சேர்ந்தபோது அது மூன்று கட்டங்கள் கொண்ட படிவமாகிவிட்டது. எந்தக் கட்டத்தில் டிக் போட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வராது என்பதையும் எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டோம். முதல் கட்டத்தில் போட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் எவருக்கும் போகாது. செத்தவர் வீட்டில் கடிதத்துக்குப் பதில் எழுத ஆள் இல்லை. நானும் என் பணிக்காலத்தில் அப்படி இரண்டு முறை டிக் போட்டிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது.

தாய் இறப்புத் தணிக்கை யாரையும் குற்றவாளியாக்குவதற்காக அன்று, அடுத்த இறப்பைத் தடுப்பதற்காகவே என்று ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சொல்லப்படுகிறது. நல்ல கொள்கைதான். அந்தக் கொள்கை மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் பொருந்துகிறது. மலையிலிருந்து செருப்பில்லாமல் வந்து கடைசி நாற்காலியில் உட்காரும் கணவருக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

இனிக் காத்திருப்பு அறை. பழங்குடி வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பேறுகாலத் தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே கர்ப்பிணியை ஒரு துணையோடு அழைத்து வந்து தங்கவைத்து, உணவும் கொடுத்து, வலி வந்ததும் பக்கத்து அறையிலேயே பிரசவம் பார்ப்பது என்பது தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. இது நம் கண்டுபிடிப்பும் அன்று. கியூபா 1962-இலேயே தொலைதூரத் தாய்மாருக்கென்று இத்தகைய இல்லங்களைத் தொடங்கியது. எத்தியோப்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் உள்ளன. மலையை உடனே நகர்த்த முடியாது, ஆகவே தாயை முன்கூட்டியே நகர்த்துகிறோம் என்பதுதான் எல்லா இடத்திலும் உள்ள எளிய கணக்கு.

எங்கள் மலையில் அந்த அறை நன்றாக நடந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். நான்கு கட்டில்கள். பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு விதவைப் பெண் சமைப்பார். காலையில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், மதியம் சில நாள் சாமைச் சோறு. மூத்த குழந்தையையும் கூட்டி வரலாம் என்று அப்போதிருந்த மருத்துவர் வாய்மொழியாக அனுமதி கொடுத்திருந்தார். விதியில் அதற்கு இடமில்லை. அந்த ஒரு அனுமதியால்தான் கூட்டம் வந்தது. இரண்டாம் பேறுக்காரி, மூன்று வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் பத்து நாள் எங்கே வந்து படுப்பாள்? மாலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசும் பேச்சில், எந்த ஊரில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற செய்தி என் பதிவேட்டுக்கு முன்பாகவே எனக்குக் கிடைத்துவிடும்.

பிறகு அந்த மருத்துவர் மாறுதலாகிப் போனார். மூத்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்றார்கள். சமையற்காரருக்கு ஏழு மாதம் சம்பளம் வரவில்லை, அவர் நின்றுவிட்டார், சாப்பாடு கீழேயிருந்து பொட்டலமாக வரத் தொடங்கி, பிறகு அதுவும் வராமலானது. குளியலறைக் குழாயில் தண்ணீர் நின்றது. இந்த ஐப்பசியில் நான் அந்த அறையை எட்டிப் பார்த்தபோது, இரண்டு கட்டில்கள் மேல் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், மூன்றாவதன் மேல் கொசுப் புகை அடிக்கும் இயந்திரம், நான்காவதற்குக் கால் இல்லை. கடந்த ஆண்டு அங்கே தங்கியவர்கள் மூன்று பேர் என்று உங்கள் ஆணை சொல்கிறது. எனக்கு அந்த மூன்று பேரை நினைத்தால்தான் வியப்பாக இருக்கிறது.

இறந்த பெண் அந்த அறைக்கு வந்திருந்தார் என்பதை அறிக்கை குறிப்பிடவில்லை. தேதிக்கு ஒன்பது நாள் முன்பு மாமியாருடன் இறங்கி வந்து, மூட்டைகளைப் பார்த்துவிட்டு, வெளித் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மாலைப் பேருந்தில் திரும்பிப் போனார். காலம் தாழ்த்தியவர் அல்லர் அவர்; காலத்துக்கு முன்பே வந்தவர்.

நம் மாநிலத்தின் சராசரி நன்றாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சராசரிக்காக நடந்து தேய்ந்த கால்களில் என்னுடையவையும் இரண்டு. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19, அசாமில் 195. 2030-க்குள் உலகம் எட்ட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை வகுத்த இலக்கான 70-ஐ நாம் முன்பே தாண்டி வந்துவிட்டோம். ஆனால் சராசரி என்பது சமவெளியின் மொழி. கர்ப்பிணிகளில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் வாழும் ஒரு மாவட்டத்தில், மலைமேல் ஆண்டுக்குச் சில நூறு பிறப்புகளில் என்ன நடந்தாலும் அது மாவட்ட எண்ணை அசைக்காது. உலகக் கணக்கிலும் இதே கதைதான். 2023-இல் கர்ப்பத்தாலும் பேற்றாலும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல். அவர்களில் பத்தில் ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கப் பெண்கள். ஒரு லட்சம் பிறப்புகளுக்கு வளமான நாடுகளில் 10 தாய்மார் இறக்கும்போது, மிக ஏழை நாடுகளில் 346 பேர் இறக்கிறார்கள். பெண்ணின் உடல் எங்கும் ஒன்றுதான்; மருந்தும் இரத்தமும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டைக் காண நான் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. தார்ச்சாலை முடியுமிடத்திலிருந்து 3 கிலோமீட்டர் நடந்தால் போதும்.

துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்று விதி வகுத்திருக்கிறார்கள். அது தலைக் கணக்கு, நடைக் கணக்கு அன்று. என் 3,000 பேர் பதினேழு குக்கிராமங்களில் இருந்தார்கள். ஒரு சுற்று முடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். மலைப்படி என்று மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அதில் வருடத்துக்கு இரண்டு ஜோடிச் செருப்பு வாங்கலாம். அதை விடுங்கள்.

ரெஃபர் செய்வதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. தாய் இறப்பு எந்த வளாகத்துக்குள் நிகழ்கிறதோ அந்த வளாகம்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, உயிரோடு வாசலைத் தாண்டி அனுப்பிவிடுவதே பாதுகாப்பான சிகிச்சை ஆகிவிட்டது. எங்கள் பேச்சில் "ஹைரிஸ்க்", அதாவது ஆபத்து மிகுந்த கர்ப்பம், என்ற சொல் முன்பு பத்தில் இரண்டு பேருக்குத்தான். இப்போது உயரம் குறைந்தவள், எடை குறைந்தவள், இரத்தம் குறைந்தவள், தலைப்பேறுக்காரி, நான்காம் பேறுக்காரி என்று சேர்த்துக்கொண்டே போய், மலையில் ஹைரிஸ்க் அல்லாத கர்ப்பிணி எவளும் இல்லை. எல்லோரையும் கீழே அனுப்பு என்பது எல்லோருக்கும் நல்ல சிகிச்சை கொடு என்பதைப் போலவே காகிதத்தில் தெரியும். நடைமுறையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவங்கள் குறைகின்றன. குறைந்ததைக் காட்டிச் செவிலியர் இடங்கள் குறைக்கப்படுகின்றன. இளம் செவிலியர்களுக்குக் கைப்பழக்கம் போய்விடுகிறது. பிறகு ஒரு மழை இரவில் உண்மையாகவே ஒரு பெண் இரத்தப்போக்கோடு வந்து விழும்போது, அங்கே ஒரே ஒருத்தி, நடுங்கும் கைகளோடு நிற்கிறாள்.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த தீர்வு தேவை என்றும் சொல்ல முடியாது. நம் பக்கத்துக் கர்நாடகத்தில், பெல்காம் மாவட்டத்தின் கிராமங்களில், என்னைப் போன்ற துணைச் செவிலியர்களே பிரசவம் பார்த்து, கருப்பையை இறுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கொடுத்தபோது, பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கு 12 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டளவுக்கு இறங்கியதை 2006-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆக்ஸிடோசின் குளிர்பெட்டியில் இருந்தாக வேண்டும். மலையில் மின்சாரம் நாள் கணக்கில் போகும். இந்த மாத்திரைக்கு அந்தக் கவலை இல்லை. 2023-இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளியானது. இரத்தத்தைக் கண்ணளவாக மதிப்பிடாமல், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேகரித்து அளந்து, தேய்த்தல், மருந்து, சலைன் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒருசேரத் தொடங்கியதில், கடுமையான விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. நாங்கள் சேலையையும் வேட்டியையும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கோப்புகளில் வராத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாமல் கர்ப்பமான பெண்களைப் பற்றித் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. குழந்தை மணத்தை எதிர்த்து ஊர்த் தலைவர்களான ஊர்க்கவுண்டர்களிடம் மல்லுக்கு நின்றவள் நான். ஆனால் ஊசி போட வந்தால் கணவனைப் போலீஸ் பிடித்துப் போகும் என்ற பயத்தில், பதினேழு வயதுப் பெண்ணை எட்டு மாதம் வரை வீட்டுக்குள் ஒளித்துவைக்கிறார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு கொடுக்கும் பிக்மி எண்ணை வாங்குவதில்லை. எண் இல்லையென்றால் பரிசோதனையும் இல்லை. ஆபத்து மிகுந்தவளே கணக்கில் இல்லாமல் போகிறாள். காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்கும் கேரளத்துக்கும் குடும்பத்தோடு போய், ஏழாம் மாதத்தில் திரும்புகிறவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். இவற்றில் எதுவும் இக்குழுவின் அதிகாரத்துக்கோ, இதற்குத் தலைமை வகிக்கும் ஆட்சியரின் அதிகாரத்துக்கோ அப்பாற்பட்டது என்று நான் கருதவில்லை.

காத்திருப்பு அறையை மூடும் ஆணையை உடனே திரும்பப் பெறுங்கள். திறப்பது என்றால் பூட்டைத் திறப்பதன்று: தண்ணீர், கழிப்பறை, நான்கு நல்ல கட்டில்கள், மாதந்தோறும் சம்பளம் பெறும் உள்ளூர்ச் சமையற்காரர் ஒருவர், மூத்த குழந்தையையும் உடன் வைத்துக்கொள்ள எழுத்து மூலமான அனுமதி. துணைக்கு வருபவருக்கு, நூறு நாள் வேலையின் கூலியளவாவது நாளொன்றுக்குக் கொடுக்க வேண்டும். பத்து நாள் கூலியை இழந்து மருமகளுக்குக் காவல் இருக்க மலையில் எவருக்கும் வசதி இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் இரண்டு செவிலியர் இருக்க வேண்டும். அந்த அதிர்ச்சித் தடுப்பு உடையையும், அளவுக்கோடு போட்ட விரிப்புகளையும் அங்கே வையுங்கள். வாகனம் ஏறாத ஊர்களுக்குச் செல்லும் கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொருவரின் பையிலும் மிசோப்ரோஸ்டால் இருக்க ஆணையிடுங்கள்.

வட்ட மருத்துவமனையின் இரத்த சேமிப்பு அறைக்கு இரவு நேர ஆய்வக நுட்பரை அமர்த்துங்கள். அதுவரை, இரத்தப்போக்குள்ள மலைத் தாயை இரத்தம் இல்லாத மருத்துவமனையின் வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது, நேராக இரத்தம் உள்ள இடத்துக்கே கொண்டுபோக வேண்டும், புறப்படும்போதே அங்கே தொலைபேசியில் சொல்லி இரத்தத்தை ஆயத்தம் செய்ய வேண்டும், ஒரு செவிலியர் கூடவே போக வேண்டும் என்று எழுத்து மூலமாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அன்றிரவு எங்களுக்கு வட்ட மருத்துவமனைக்குள் போன 25 நிமிடமாவது மிஞ்சியிருக்கும்.

பாதை. வனத்துறை நிலம் என்று சொல்லி அது கிடக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால், சாலை, மருத்துவமனை போன்ற தேவைகளுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை விடுவிக்க வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான். 3 கிலோமீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். பெருக்கிப் பார்த்தேன்: 0.9 ஹெக்டேர். ஏற்கெனவே பாதையாக இருப்பதால் வெட்ட வேண்டிய மரங்களும் பத்துக்கு மேல் இராது. கிராம சபைத் தீர்மானம் இரண்டு முறை நிறைவேறி ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பை அடுத்த தணிக்கைக் கூட்டத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். தாய் இறப்புக் கூட்டத்தில் வனக் கோட்ட அலுவலரும் ஒரு முறை வந்து உட்காரட்டும்.

தணிக்கைப் படிவத்தில் தாமதத்தின் பெயரை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு தாமதத்துக்கும் எதிரே எத்தனை நிமிடம் என்று எழுத ஒரு பத்தி சேருங்கள். மலை ஊராட்சிகளின் தாய் இறப்புகளை மாவட்டச் சராசரியில் கரைத்துவிடாமல், ஐந்தாண்டுக்கு ஒரு முறை கூட்டித் தனியாக வெளியிடுங்கள்.

பதினெட்டு வயது ஆகாத கர்ப்பிணிகளின் பரிசோதனையும் காவல் துறை விசாரணையும் ஒரே மேசையில், ஒரே நாளில் நடக்காதபடி, குழந்தைகள் நலக் குழுவோடும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரோடும் கலந்து ஒரு நடைமுறையை வகுத்து, அதை ஊர்க்கவுண்டர்களைக் கூட்டி நீங்களே நேரில் விளக்குங்கள்.

கடைசியாக, அந்த வரியைத் திருத்துங்கள். "முதல் தாமதம்" என்ற இடத்தில் 20 நிமிடம் என்றும், இரண்டாவதில் 420 என்றும், மூன்றாவதில் 80 என்றும் எழுதி, காத்திருப்பு அறைக்கு ஒன்பது நாள் முன்பே வந்து இடமின்றித் திரும்பினார் என்பதையும் சேர்த்து, திருத்திய படியின் நகலை அவருடைய கணவருக்குக் கொடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டுவேன்.

அந்த ஊரில் இன்று நான்கு பேர் கர்ப்பமாக இருக்கிறார்கள். ஒருத்திக்கு மாசி பதினொன்றில் தேதி. தை பிறந்து ஆறு நாள் ஆகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்